கப்பித்தானுக்குக் கழித்த கண்ணூறு

"செத்தவனுக்காகக் குமராய் இருந்து கிழவியாகப் போறியோ?"

"செத்ததெண்டு ஆர் கண்டது?"

"கப்பித்தான் சொன்னவர்தானே."

"அவர் செத்தே முந்நூறு வருசமாம். அண்டைக்குத் துறைமுகத்தில அவருக்கென்ன வேலை?"

இடிந்த பறங்கிக் கோட்டை வாசலில், எழுபது பேர் வரிசையில் நிற்க, தங்கமுத்தும் மகள் இலட்சுமியும் போட்ட சண்டை இது. பின்னால் மூன்றாவது ஆள் நான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருசப்பிறப்புக்கு முந்தின கிழமை யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். துறைமுகத்தில் வேலை செய்த கனகரத்தினத்தைப் பற்றி மூன்று மாதமாக ஒரு தகவலுமில்லை. இலட்சுமிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அவன். அரசாங்கத்திடம் கேட்டால் பதிலில்லை. மூத்ததம்பியிடம் கேட்டால் உடனே பதில்.

ஆடு மேய்த்த மூத்ததம்பி இப்போது கோட்டைக்கும், அதை ஆண்ட பறங்கித் தளபதி கப்பித்தானின் ஆவிக்கும் பூசாரி. சரித்திர ஆசிரியரும் அவரே. உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார். "இது கப்பித்தான் குளிச்ச இடம். இது ஏழு பெண்சாதிமாரையும் புதைச்ச இடம்." போன கிழமை ஐந்து பேர்தான். செத்த பிறகும் மனிசன் இரண்டு கலியாணம் கட்டியிருக்கிறார். கோட்டை இடிந்தது அவருடைய சாபத்தாலாம். எங்கள் தகப்பன்மார் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கிணறு கட்டியதை எல்லாரும் மறந்தாயிற்று. அந்தக் கிணற்றுத் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வரிசைக்கே வந்திருந்தோம்.

கடைசியில் ஓர் இருட்டறை. சுவரில் துவாரம், அதன் முன்னால் விளக்கு. பெயரைச் சொன்னால் கப்பித்தான் உள்ளிருந்து மூச்சு விடுவார். விளக்கு அணைந்தால் ஆள் இல்லை. கனகரத்தினத்துக்கு அணைந்தது. மூத்ததம்பியின் பெறாமகன், தம்பி மகன் சின்னப்போடிக்கு இலட்சுமியைக் கட்டிக்கொடுத்தால் அந்த வீட்டில் குண்டு விழாது என்று மூத்ததம்பி வாயாலேயே வாக்கும் வந்தது. கலியாணத்துக்கு நாள் கேட்கத்தான் தங்கமுத்து மகளை அன்று இழுத்து வந்திருந்தாள்.

அவர்களோடு அடுத்த வீட்டு றுக்கியாவும் வந்திருந்தாள். "செத்தவருக்கு மூச்செதுக்கு? மத்தியானச் சோத்து நேரத்தில மட்டும் அது ஏன் நிக்குது?" என்று முன்பு கேட்டு, ஊரிடம் ஏச்சு வாங்கியவள். இருட்டறைக்குள் போனதும் அவள் வாதாடவில்லை. மிகவும் கவலைப்பட்டாள்.

"தங்கமுத்தக்கா, இவ்வளவு சனத்தின்ர கண்ணும் கப்பித்தான்லதானே. ஆருமொருதர் கண்ணூறு கழிச்சனீங்களோ?"

சனம் உருகிப்போனது. பாவம், முந்நூறு வருசமாகக் கண்ணூறு கழிக்க ஒரு நாதியில்லாத மனிசன்.

"அதெல்லாம் தேவையில்லை," என்றார் மூத்ததம்பி.

"அவருக்குச் செய்யிற கடமையைத் தடுக்கிறீரோ?" என்று தங்கமுத்தே அதட்டினாள்.

யாரோ கொண்டுவந்த தணல் சட்டியில் செத்தல் மிளகாயும் உப்பும் விழுந்தன. சட்டியைத் துவாரத்துக்கு நேரே வைத்து றுக்கியா விசிறினாள்.

முதலில் ஒரு தும்மல். பிறகு பத்து. பிறகு நல்ல தமிழில், "பெரியப்பா, ஏலாது. கண் எரியுது."

கொல்லன் பட்டறைத் துருத்தியோடு, மூக்கொழுகச் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான் மாப்பிள்ளை சின்னப்போடி.

"நெடி அடிச்சா கண்ணூறு இல்லையெண்டுதானே சொல்லுறது," என்றாள் றுக்கியா. "கப்பித்தான் சுகமாயிருக்கிறார்."

தங்கமுத்து மகளைப் பார்த்தாள். "அப்ப கனகரத்தினம்?"

"தெரியாதம்மா. தெரியாததைத் தெரியாதெண்டே சொல்லுவம்."

ஆவணியில் கனகரத்தினம் கண்டி ஆசுப்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தையில் இலட்சுமியைக் கலியாணம் முடித்து, இருவரும் கப்பல்துறைக்குப் போனார்கள். மூத்ததம்பி குச்சவெளிக்குக் குடிபெயர்ந்தார். அவரை வழியனுப்பப் போனவர்களில் பதினேழு பேர், இனி எந்தக் கிழமையில் வாக்குச் சொல்லுவார் என்று கேட்டுக்கொண்டார்கள். சண்டைக் காலத்தில் அரிசிக்குத்தான் பங்கீட்டுக் கூப்பன். மூளைக்கு இன்னும் வரவில்லை, தாராளமாகச் செலவழிக்கலாம்.