ஆபிரிக்கா அண்ணை நிரப்பிய மண்டபம்

உலகத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் படம் பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, நம் எல்லோரையும்விடக் கூடுதலாகப் பார்த்த ஒரே மனிதர் டென்மார்க்கில் எங்கள் ஊரான டோஸ்ட்ருப்பின் ஆபிரிக்கா அண்ணைதான்.

அவர் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நாங்கள் எல்லோரும் வருட விடுமுறையைப் பாரிஸ் கலியாணத்துக்கும் கனடாவில் நடக்கும் சாமத்தியச் சடங்குக்கும் சேர்த்து வைக்க, அவர் கொப்பன்ஹேகனில் திரைப்பட விழா நடக்கும் நாட்களுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருப்பார். அதிலும் ஆபிரிக்காவிலிருந்து வரும் புதுப்படங்கள், அங்கிருந்து வந்து ஐரோப்பாவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் எடுத்த படங்கள், இவை மட்டும்தான். ஏன் என்று கேட்டால், "அந்தப் படங்களில வெயில் நல்லா எறிக்கும், தங்கச்சி" என்பார். முன்வரிசையில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அரைக்கைச் சட்டையோடு திரையில் குளிர்காய உட்காருவார். விடியப்புறம் வேலைக்குப் போகிற மனிதர். வெயில் பட்டதும் கண் சொக்கிவிடும்.

மறுநாள் கதை சொல்லுவார். பார்த்த பாதியும் கனவில் வந்த பாதியும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் சொன்ன ஒரு யானைக்காக நானும் ஒருமுறை மினக்கெட்டுப் போய் ஒரு படத்தைப் பார்த்தேன். யானை வரவே இல்லை. நான் கண் இமைத்த நேரத்தில் அது போயிருக்கும் என்று பழியை என்மேல் போட்டுவிட்டார்.

போன வருட விழாவில்தான் அந்தக் கூத்து நடந்தது. மேற்கு ஆபிரிக்கக் கம்பியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்த ஒரு பெண், தன் முதல் படத்தின் சுவரொட்டியைத் திரையரங்க வாசலில் தானே ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணை ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். முதல் காட்சிக்குப் பாதிச் சீட்டுக்கூட விற்கவில்லையாம். படத்தை வாங்குவதா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வெறும் கதிரைகளைப் பார்த்தால் எழும்பிப் போய்விடுவார்கள், படமும் அன்றோடு முடிந்தது என்று அவள் சொல்ல, மண்டபம் நிறையும், அது தன் பொறுப்பு என்று அண்ணை வாக்குக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்று வீட்டுக்கு வந்து நேரில் சொல்லிவிட்டால் போகாமல் இருக்க முடியாது. அண்ணை வீடு வீடாக ஏறினார். "எங்கட பிள்ளை ஒண்டின்ர அரங்கேற்றம் மாதிரி நினையுங்கோ" என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். தமிழ் ஆட்கள் ஆறு மணி என்றால் எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஏழு மணிப் படத்தை ஐந்து மணி என்று சொல்லி வைத்தார்.

டெனிஷ்காரர் நடத்தும் விழா, அங்கே போய் மானத்தை வாங்கக்கூடாது என்று எங்கள் சனம் முதல்முறையாக ஐந்துக்கும் முன்னதாகவே வந்து சேர்ந்தது. காஞ்சிபுரம் சேலைகள், குளிர்ச் சப்பாத்துகள், டப்பாவில் றோல்ஸ். உள்ளே முந்தின படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பனித்தூறல், நாங்கள் திரையரங்கக் கூடத்தில் காத்திருந்தோம். அரை மணியில் முணுமுணுப்புத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம், அடுத்த ரயிலில் போவோம் என்று இரண்டு குடும்பங்கள் கோட்டை மாட்டின. இயக்குநர் பெண் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை அங்கே கிடந்த வாங்குப் பலகையில் ஏறி நின்றார். "இருங்கோ, கதையைக் கேட்டிட்டுப் போங்கோ" என்றார்.

அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. சுவரொட்டியில் ஒரு பெண் தண்ணீர்க் கரையில் நின்றாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு கம்பியாவிலிருந்து அந்தப் பெண்ணின் தமையனை ஒரு மீன்வள்ளத்தில் ஏற்றினார். வள்ளம் வடகடலைக் கடந்தது. கொப்பன்ஹேகன் கால்வாயில் நுழைந்தது. கடல் அதன் பின்னாலேயே வந்தது. டோஸ்ட்ருப் ரயில் மேடையில் மீன்கள் ஏறி இறங்கின. பனியெல்லாம் இளஞ்சூடாகியது. தமையன் ஒவ்வொரு வீட்டு யன்னலாகத் தங்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மெதுவாக மிதந்து போனான். கோட்டு மாட்டியவர்கள் அதைக் கழற்றவும் மறந்து நின்றார்கள். அண்ணைமாரைத் தேசம் தேசமாகத் தொலைத்த சனம் நாங்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வீட்டில் தமிழில் ஒரு சொல் பேசாத என் மகள், ஒருவரும் கேளாமலே இயக்குநர் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் டெனிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அந்தப் பெண் சொன்னதை மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "இது என்ர படம் இல்லையாம். ஆனா இப்பிடி ஒரு படம் வந்தா, தான் முதல் ஆளா வந்து பார்ப்பாவாம்."

ஒருவரும் போகவில்லை. ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் மண்டபம் நிறைந்தது, படிகளிலும் இருந்தோம். உண்மையான படத்தில் வள்ளமும் இல்லை, மீனும் இல்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணின் அமைதியான கதை, நல்ல கதை. முடிந்தபோது நாங்கள் எழும்பி நின்று தட்டினோம். வெளிநாட்டு ஆட்களும் எழும்பினார்கள். அந்தப் படம் இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அண்ணை முன்வரிசையில் நல்ல நித்திரை. இயக்குநர் பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து கைதட்டலை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். அவ்வளவு பேரும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம்.

மறுநாள் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணை படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். நான் அதை முழுதாக, கண் விழித்துப் பார்த்தவள். என் தரிப்பிடம் வந்தது. நான் இறங்கவில்லை.