செம்பருத்தி காத்த படலம்

வாழ்க தீனதயாளர்! வாழ்க அவர் தோளிற் கிடந்து துவளும் வெள்ளைத் துண்டு! மேற்கே கல்வராயன் மலை முகில்முடி சூடி நிற்க, மழை பெய்தால் மட்டும் பாய்ந்து மற்ற நாளெல்லாம் மணலாய்க் கிடக்கும் கோமுகியாற்றின் புகழ்சூழ் கள்ளக்குறிச்சியில், முந்தாநாள் வரை கரும்புக் கொல்லையாயிருந்து, நேற்று மனைப்பிரிவாகி, இன்று பொற்றாமரை நகர் என்று பலகை மாட்டிக்கொண்ட திருவூரில், பணி ஓய்வு பெற்ற நாள்முதல் ஏவுவதற்கு வேறொருவர் கிடைக்காமல் கட்டிய மனைவியை மட்டும் ஏவிவந்த மாவீரர், நாற்காலி நீங்காத நாயகர், நாளிதழை முதலெழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரிவரை வாசிக்கும் கல்விக்கடல் தீனதயாளர் வாழ்க! அவர் வீரத்தைப் பாட ஆயிரம் நாக்கு வேண்டும். நமக்கு வாய்த்தது ஒன்று, அதுவும் கொஞ்சம் கசப்பான நாக்கு. இருந்தாலும் சொல்வோம்.

வேலியோரத்து ஓணானே, உனக்கு முதல் வணக்கம். நடந்ததை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தும், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாய் திறவாமலிருந்த பண்பாளன் நீ. அந்தப் பண்பில் காற்பங்கு நம் தலைவருக்கு இருந்திருந்தால் இந்தப் படலமே பிறந்திருக்காது.

ஒரு நாள் பிற்பகல், உண்ட மயக்கம் கண்ணை அழுத்த, அலைபேசி என்னும் மாயப்பெட்டியை மார்பில் சாத்திப் படுத்திருந்த தீனதயாளர், அதனுள்ளே ஒரு பறவையைக் கண்டார். கட்டைவிரல் பருமன், மரகத மேனி, ஊசி மூக்கு. உட்காரக் கிளை தேடாமல், பூவின் முன்னே அந்தரத்தில் அசையாது நின்று சிறகை மட்டும் அடித்துத் தேனருந்தும் அந்த அற்புதத்துக்கு ஹம்மிங் பேர்ட் என்று பெயர் சொன்னான், அப்பெட்டிக்குள்ளிருந்து பேசிய ஒரு வெளிநாட்டுத் தோட்டக்காரன். உங்கள் மண்ணுக்குரிய செடிகளை நடுங்கள், பறவை தானே தேடிவரும் என்றும் சொன்னான். அவன் மண் என்றது அவனுடைய மண்ணை. பறவை என்றது அவனுடைய பறவையை. அது கடலுக்கு அப்பாலுள்ள அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் வாழாத பறவை என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். ஆனால் கேட்பது என்பது தீனதயாளர் பரம்பரையிலேயே கிடையாது. செடியை இங்கே நட்டுவிட்டால் பறவை அங்கிருந்து புறப்பட்டுவிடும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்த மறுநாளே படையெடுப்பு தொடங்கியது. முதலில், மனைவி கண்ணகி ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகள், அந்நியச் செடிகள் என்று குற்றம் சாட்டப்பட்டு, மறுவிசாரணையின்றி மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்பட்டன. பிறகு மலைநாட்டுப் பயணம். பேருந்தேறிக் கல்வராயன் மலைமேலுள்ள கரியாலூர் சென்று, ஒரு கொல்லையோரத்தில் கேட்டு வாங்கிய, சிவப்பாய்ப் பூக்கும் வலம்புரிச் செடிகளை மடியில் ஏந்தி, மலைவளைவு ஒவ்வொன்றிலும் குடல் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப, ஒரு கை கம்பியிலும் ஒரு கை செடியிலுமாக அவர் இறங்கிவந்த கோலத்தைக் கண்டு பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார். அத்தனை பாடும் பட்டுக் கொண்டுவந்த செடிகளை, வந்த வாரமே தெருவாடுகள் மேய்ந்து முடித்தன.

எஞ்சியது செம்பருத்தி வேலி ஒன்றே. அது வந்த வழியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அடுத்த தெருவில், விஜயலட்சுமி அம்மையாரின் மதிலைத் தாண்டி வெளியே நீண்டிருந்த நாட்டுச் செம்பருத்தியின் கொம்புகளை, ஆடி மாதத்து விடியல் ஒன்றில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் படபடவென ஒடித்துத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தவர் வேறு யாருமல்லர், நம் தலைவர்தான். திருடி நட்ட செடி தழைக்கும் என்பார்கள். தழைத்தது. தை பிறப்பதற்குள் மதிலோரம் முழுக்கச் சிவப்பு பொங்கியது.

பூ வந்தது, பறவையும் வந்தது. ஆம், உண்மையாகவே வந்தது. மஞ்சள் வயிறும், வெயில் பட்டால் ஊதாவாக மின்னும் தொண்டையும், வளைந்த மூக்குமாக, நம் ஊரில் பிறந்து நம் ஊரிலேயே முட்டையிட்டு வாழும் தேன்சிட்டு, நாள்தோறும் காலையில் வந்து கிளையில் உட்கார்ந்து, பூவுக்குள் மூக்கை நுழைத்துத் தேன் குடித்தது. குடித்த தெம்பில், வாசலில் நின்ற ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் உருவத்தையே பகைவனென்று எண்ணி டக்டக்கென்று கொத்திச் சண்டையிட்டு, போகிறபோது கண்ணாடியின்மேல் எச்சமிட்டும் போனது. தேடிய செல்வம் காலடியில் வந்து விழுந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். தீனதயாளரோ, சுருட்டிய நாளிதழும் கையுமாக, "சூ! சூ! சனியனே!" என்று அதை விரட்டினார். விரட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார், அமெரிக்காவிலிருந்து யாராவது வருகிறார்களா என்று.

இந்த நிலையில்தான் வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார்.

அவருடைய ஒரே மகள் தனுஷா தலைப்பிரசவத்துக்கு வந்து, ஆண்பிள்ளை பெற்று, தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு இளஞ்செழியன் என்று பெயரிட வேண்டுமென்பது அவள் ஆசை. வயிற்றில் இருக்கும்போதே அந்தப் பெயரால்தான் பிள்ளையைக் கூப்பிட்டாள். ஆனால் பேரனைப் பார்க்கத் திருநாவலூரிலிருந்து வந்த சம்பந்தி நாராயணசாமி, காணி நிலமும் கடுக்கன் காதும் உடைய பெருமகன், தலைப்பேரனுக்குத் தன் தந்தை பொன்னுரங்கத்தின் பெயர்தான் என்று முழங்கிவிட்டார். நீ பேசிப் பாருப்பா என்று மகள் தகப்பனிடம் கண்கலங்கினாள். நல்லபடியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அந்த மனிதர் இறங்கி வந்திருப்பார். தீனதயாளரோ பேச்சை எப்படியோ பறவைக்குக் கொண்டுபோய், தம் வேலியின் மகிமையை விரித்துரைத்து, சம்பந்தி வாய்விட்டுச் சிரிக்கும்வரை ஓயவில்லை.

"சரி சம்மந்தி," என்றார் நாராயணசாமி, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "தை கடேசி ஞாயித்துக்கெழம புள்ளைய அழைக்க வருவோம். அன்னிக்கு உங்க செடியில அந்தக் குருவி வந்து, இதான்னு உங்க வாயால காட்டிட்டீங்கன்னா பேரு உங்க இஷ்டம். இல்லன்னா எங்கப்பா பேருதான்."

"ஒத்துக்கிறேன்!" என்றார் தீனதயாளர். உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த தனுஷாவின் கை நின்றுவிட்டது.

இனி பகைவர் வரவு. அந்நகரில் விடியற்காலை நடைப்பயிற்சி என்ற பெயரால் ஓர் அறப்போர் நாள்தோறும் நடந்துவந்தது. சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்னார் மருத்துவர். வெறுங்கையோடு நடக்கவா சொன்னார் என்று, நுனியில் கொக்கி கட்டிய கம்பு வலக்கையிலும் கேரிபேக் இடக்கையிலுமாகப் புறப்பட்டு, மதிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூக்களெல்லாம் கடவுளுக்கென்றே எட்டிப் பார்க்கின்றன என்னும் உறுதியோடு ஊர்ப்பூ முழுவதையும் தம் வீட்டுப் பூசையறைக்குத் திரட்டும் பேராற்றல் படைத்தவர் விஜயலட்சுமி. அவர் கடந்துபோன தெருவில் அரளியும் நந்தியாவட்டையும் மொட்டைத்தலையோடு நின்றன. தீனதயாளரின் வேலியும் அப்படித்தான், கொக்கிக்கு எட்டிய மட்டும், நாள்தோறும் சூறையாடப்பட்டு வந்தது. பூவில்லாத வேலிக்குப் பறவை எப்படி வரும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு பூவும் போகக்கூடாது என்று தலைவர் சூளுரைத்தார்.

அந்த ஞாயிறும் விடிந்தது. பனி இன்னும் விலகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையை வேலிக்குப் பின்னே போட்டு, காதில் மப்ளரைச் சுற்றிக் கவசமாக்கி, ஒட்டடைக்கோலைச் செங்கோலாய்ப் பிடித்து அமர்ந்திருந்த தீனதயாளரின் செவியில், ரப்பர் செருப்பின் சரக்சரக் ஓசை போர்முரசாய் விழுந்தது. மதிலுக்கு மேலே கொக்கி எழுந்தது. எழுந்த கொக்கி முதற்கிளையைப் பற்றி வளைத்த அந்தக் கணத்தில், நாற்காலி பின்னே சாய, மப்ளர் அவிழ, ஒட்டடையெல்லாம் தம் தலைமேலேயே கொட்ட, எழுந்தார் வீரர்! "இவ்வேலியின் ஓர் இதழையும் இன்று எவரும் தீண்டலாகாது" என்னும் பொருள்பட அவர் முழங்கிய மொழி வருமாறு:

"ஏம்மா! பூவுல கைய வெச்சே, மரியாத கெட்டுப்பூடும்!"

விஜயலட்சுமி அசையவில்லை. "இன்னா சார், சாமிக்குப் போற பூவ மறிச்சிக்கினு நிக்கிறீங்க? எங்க வூட்டுக் கொம்ப ஒடிச்சிக்கினு வந்து நட்டுட்டு எனக்கேவா? ஆடி மாசம் நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். வயசானவரு, போனா போவுதுன்னு வுட்டேன்."

இது மார்பில் பாய்ந்த வேல். வேறொருவராயிருந்தால் அங்கேயே தலைகுனிந்திருப்பார். நம் தலைவருக்குக் குனிவதற்குக் கழுத்து வளையாது. பதிலுக்குப் பதிலாகக் கேரிபேக்கைப் பிடித்தார். அம்மையார் இழுத்தார், இவர் இழுத்தார், கோமுகி அணையே உடைந்ததுபோல் பையின் காது படாரென்று அறுந்தது. தெருநாய்கள் குரைத்தன. எதிர்வீட்டுக்காரர் பாவாடை பல்துலக்கும் பிரஷோடு வெளியே வந்து, நுரை ஒழுக நின்று வேடிக்கை பார்த்தார். வெறுங்கம்போடு பின்வாங்கிய பகைவரை விட்டுவிடுவது போர்முறைக்கு இழுக்கென்று, கைப்பற்றிய பையை வெற்றிக்கொடியாய் உயர்த்தியபடி, தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை துரத்திச் சென்று, அங்கே நின்று மூச்சு வாங்கி, பார்த்தவர்களுக்கெல்லாம் தம் வெற்றியை விவரித்துவிட்டு, நேரமாகித்தான் திரும்பினார்.

திரும்பினால், வேலியில் சிவப்பைக் காணோம்.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முருகன் படத்தில் செம்பருத்தி. அம்மன் படத்தில் செம்பருத்தி. காலமான தம் தகப்பனார் படத்திலும் செம்பருத்தி. வாசற்படிக்கு இருபுறமும் செம்பருத்தி.

"இன்னாங்க இப்புடி முழிக்கிறீங்க?" என்றாள் கண்ணகி, கையில் காலிக் கூடையோடு. "சம்மந்தி வூட்டாளுங்க வர்ற நேரத்துல சாமி படமெல்லாம் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? அந்தம்மா வர்றதுக்குள்ள பறிக்கணும்னு தெனமும் நெனப்பேன். இன்னிக்குத்தான் முடிஞ்சிது."

வெளிப்பகையை வென்றவர் வீட்டுக்குள்ளே வீழ்ந்தார். சரிந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் விழுந்தார். அதற்குள் சம்பந்தியின் கார் வந்து நின்றது. வாழைத்தாரும் பூத்தட்டுமாகத் திருநாவலூர்ச் சுற்றம் இறங்கியது. நாராயணசாமி மொட்டை வேலியை ஒரு பார்வை, சம்பந்தியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் தெய்வம் இறங்கியது. பறிக்கும் அவசரத்தில், வேலியின் உட்புறம் இலைக்கடியில் தலைகவிழ்ந்திருந்த ஒற்றைப் பூ கண்ணகியின் கண்ணுக்குத் தப்பியிருந்தது. எங்கிருந்தோ 'சிவிட்' என்ற குரல் கேட்டது. மஞ்சள் வயிறு மின்ன, ஊதாத் தொண்டை ஒளிர, தேன்சிட்டு வந்து அந்தக் கிளையில் உட்கார்ந்து, தலைகீழாய்த் தொங்கி, அந்த ஒரே பூவுக்குள் மூக்கை நுழைத்தது.

"யப்பா!" என்று பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்ற தனுஷா கிசுகிசுத்தாள். "அதோ குருவி! பூவுல!"

எல்லோரும் பார்த்தார்கள். நாராயணசாமியின் கை மீசையிலிருந்து இறங்கியது. "சின்னதாத்தான் கீது," என்றார், சுருதி இறங்கிய குரலில். தேன்சிட்டு நெல் தின்னாது என்பது தெரியாமல், எங்கள் கொல்லையில் நெல் தின்ன வருவதும் இதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். "இதானா சம்மந்தி அது?"

ஆமாம் என்ற ஒரே சொல். நாக்கைப் புரட்டினால் போதும். மகளின் கண்கள் கெஞ்சின. கண்ணகியும் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் தீனதயாளரின் அறிவு விழித்துக்கொண்டது. அது எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் விழிக்கும். அந்தரத்தில் நிற்க வேண்டிய பறவை உட்கார்ந்திருக்கிறதே! மரகத மேனி எங்கே? கடல் கடந்து வந்த களைப்பு எங்கே? நாள்தோறும் தம் ஸ்கூட்டர் கண்ணாடியை நாறடிக்கும் அற்பப் பதரல்லவா இது! இதைக் காட்டியா இளஞ்செழியன் என்னும் பெயரை வெல்வது? எழுந்தார், வெற்றிக்கொடியாகிய கேரிபேக்கை ஓங்கினார், உலகறிய முழங்கினார்:

"இது அது இல்ல! அது உக்காராது, அந்தரத்துல நின்னுதான் குடிக்கும்! இது எங்க வண்டிக் கண்ணாடியில எச்சம் போடற சனியன்! சூ! சூ!"

பை காற்றில் படபடத்தது. பூ உதிர்ந்தது. பறவை பறந்துபோய் எதிர்வீட்டுப் பாவாடையின் முருங்கையில் உட்கார்ந்துகொண்டது.

"உங்க வாயாலயே சொல்லிட்டீங்க," என்றார் நாராயணசாமி, மீசையில் கை திரும்பவும் ஏற. "அப்புறம் இன்னா."

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாப்பா?" என்றாள் தனுஷா. பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள்.

மலைநாடு கண்டு மீண்டவர், மதில்போரில் பகைவரைப் புறங்கண்டவர், பொய்யென்னும் இருளை மெய்யென்னும் வாளால் பிளந்து, சொந்த மகளின் ஆசையையும் அந்த வீச்சிலேயே வெட்டிச் சாய்த்த தீனதயாளர், ஈரேழு உலகும் வியக்கக் கையில் காதறுந்த பையோடு நெடுநேரம் வானத்தையே நோக்கி நின்றார்.

குழந்தைக்குப் பொன்னுரங்கம் என்று பெயர் வைத்தார்கள்.