வெளியே தாழ்ப்பாள் வைத்த ஜன்னல்

ஒரு காட்டில், புற்றுமேட்டுக்கு அடியில் வளை தோண்டி, மங்களம் என்றொரு முள்ளெலி தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. மற்றக் காடுகளில் நல்லவர்களும் கெட்டவர்களும் இருப்பார்கள். இந்தக் காட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆபீஸில் இருந்தார்கள்.

கோடையில் வளைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. குட்டிகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு ஜன்னல் வைத்தால் தேவலை என்று மங்களத்துக்குத் தோன்றியது. ஜன்னல் வேலைக்குப் பேர்போன வைரக்கண்ணு மேஸ்திரியைக் கூப்பிட்டது. வைரக்கண்ணு ஓர் ஓணான்.

"மழைத் தண்ணி உள்ள வரக் கூடாது மேஸ்திரி."

ஓணான் தலையாட்டியது.

"தாழ்ப்பாள் கெட்டியா இருக்கணும். பூனை நடமாடுற இடம்."

அதற்கு இரண்டு முறை ஆட்டியது.

ஓணான் சும்மா இருக்கும்போதும் தலையாட்டும் என்பது மங்களத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் தன்னிடம் மட்டும் புரிந்துகொண்டு ஆட்டுகிறது என்று நம்பிவிட்டது. வீட்டு வேலை ஆரம்பிக்கிற எல்லோருக்கும் வருகிற வியாதி அது.

மங்களம் குட்டிகளோடு கறையான் பொறுக்கப் போயிருந்த ஒரே பகலில் வேலை முடிந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் கண்ணைப் பறித்தது. மங்களம் உள்ளே போய்ச் சாத்தப் பார்த்தது. தாழ்ப்பாளைக் காணவில்லை. தாழ்ப்பாள் வெளியே இருந்தது. சட்டத்தை உள்ளுக்கு வெளியாகத் திருப்பிப் பதித்துவிட்டுப் போயிருந்தது ஓணான். மழைநீர் வழிய வேண்டிய சரிவும் இப்போது நேராகக் குட்டிகளின் படுக்கையைப் பார்த்துச் சரிந்திருந்தது.

மறுநாள் காலையிலேயே காட்டுப்பூனை ஒன்று வந்தது. தாழ்ப்பாளைப் பார்த்தது. இவ்வளவு உபசரிப்பை அது எங்கும் கண்டதில்லை. நீக்கிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தது. மங்களம் பாய்ந்து போய்ப் பந்தாகச் சுருண்டு அந்தத் திறப்பை அடைத்துக்கொண்டது. மூக்கில் நாலு முள்ளோடு பூனை ஓடிற்று. அன்றிலிருந்து மங்களத்துக்குச் சோறு தண்ணீர் எல்லாம் ஜன்னலில்தான். ஜன்னல் வைத்தவள் ஜன்னல் கதவாகவே ஆகிவிட்டாள் என்று அண்டை அயலில் சிரித்தார்கள்.

நாலாம் நாள் குட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஓணானைத் தேடிப் போனது. அது பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"மேஸ்திரி, ஜன்னலைத் திருப்பி வச்சிட்டீங்க."

"அது புது மாடல் அக்கா. நீங்க பார்க்கிற பக்கம் தப்பு. வெளியில நின்னு பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!"

"நான் உள்ளதானே குடியிருக்கேன்?"

"அது உங்க சௌகரியம்."

மங்களத்துக்கு ஆத்திரத்தில் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. அதைப் பார்த்த ஓணான் கொஞ்சம் பின்வாங்கி, "நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று தலையாட்டியது. அப்படி ஒன்பது நாளைகள் போயின.

அதன்பின் மங்களம் இலுப்பை மரத்தடியில் இருந்த குறைதீர்ப்பு ஆபீஸுக்குப் போனது. வரிசை ஓடை வரை நின்றது. டோக்கன் வாங்க ஒரு வரிசை, வாங்கிய டோக்கனைக் காட்ட ஒரு வரிசை. குமாஸ்தா நாரை ஒற்றைக்காலில் நின்று படிவம் நிரப்பியது. இன்னொரு காலை ஊன்றினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பயம் அதற்கு.

"பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா?"

"உள்ளதாங்க."

"உள்ள இருக்கிறவ இங்க எப்படி வந்தே?"

மங்களம் வாயைத் திறக்குமுன் நாரை 'பொருந்தாது' என்று எழுதிக்கொண்டது. "ஜன்னலைப் போட்டோ எடுத்து செல்போன்ல அனுப்பு."

"செல்போன் இல்லீங்களே."

"நேர்ல ஆய்வுதான். பதினஞ்சு நாளாகும்."

பதினெட்டாம் நாள் ஆய்வாளர் காட்டெருமை வந்தது. அதன் கொம்பில் உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டு வந்தது ஓணான். குற்றம் செய்தவர் கூட்டிவராமல் எந்த ஆய்வாளரும் அந்தக் காட்டில் இடம் கண்டுபிடித்ததில்லை.

காட்டெருமையின் மூக்குகூட வளைக்குள் நுழையவில்லை. அது வெளியே நின்றபடி தாழ்ப்பாளை இழுத்தது, தள்ளியது.

"நல்லாத்தானேம்மா இருக்கு? கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கான்."

"ஐயா, தாழ்ப்பாள் உள்பக்கம்ல இருக்கணும்?"

"இருக்கணும்தான். எது உள்பக்கம்னு யார் சொன்னது?"

இப்படிக் கேட்டுவிட்டுக் காட்டெருமை யோசித்தது. பழக்கமில்லாத வேலை என்பதால் சீக்கிரமே களைத்துப் போய் உத்தரவு எழுதியது: 'தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பதே முறை. ஆகவே தாழ்ப்பாள் இருக்கும் பக்கமே உள்பக்கம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. வேலையில் குறை இல்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது.' அடியில் குளம்பால் ஓங்கி ஒரு முத்திரை.

மங்களம் அங்கேயே சுருண்டுகொண்டு அழுதது. பெரிய மழை வரப்போகிற மாதம். குட்டிகள் மூன்றும் அம்மாவின் முள்ளைத் தொடப் பயந்து தள்ளி நின்று அழுதன. கொஞ்ச நேரம் கழித்து மங்களம் மெல்ல நிமிர்ந்து, அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தது. மூன்றாம் முறை வாசித்தபோது அழுகை நின்றுவிட்டது.

"ஐயா, இந்த உத்தரவு எல்லாரையும் கட்டுப்படுத்துமா?"

"முத்திரை வச்சாச்சு. சிங்கத்தையே கட்டுப்படுத்தும்" என்றது காட்டெருமை.

மறுநாள் காலை மங்களம் நேராகப் பாறைக்குப் போனது.

"மேஸ்திரி, எழுந்திருங்க. என் கூடத்துல படுத்திருக்கீங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"தாழ்ப்பாள் இருக்கிற பக்கம் என் வீட்டு உள்பக்கம். உத்தரவு இருக்கு. இந்தப் பாறை, அந்த ஓடை, அதுக்கு அந்தாண்டை மலை வரைக்கும் என் வீடுதான். சரிதானே?"

ஓணான் தன்னையறியாமல் தலையாட்டியது. "ஒத்துக்கிட்டார், பார்த்துக்குங்க" என்று அங்கே நின்ற நாலு பேரைச் சாட்சி வைத்துவிட்டு மங்களம் ஆபீஸை நோக்கி நடந்தது.

"என் அடுப்படியில எதுக்கு இத்தனை பேர் நிக்கிறீங்க? எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றது வரிசையைப் பார்த்து. பல நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்ததுபோல வரிசை கலைந்தது. பிறகு மங்களம் நாரையிடம் திரும்பியது. "வீட்டுக்காரி கேக்காம இங்க மேசை யார் போட்டது? பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணுங்க. ஆய்வாளரோட அந்தப் பெரிய நாற்காலியையும்."

காட்டெருமை மூச்சிரைக்க ஓடி வந்தது. "உத்தரவை ரத்து பண்ணுய்யா!"

நாரை கழுத்தை நீட்டி அதன் காதில் கிசுகிசுத்தது. "ரத்து பண்ணணும்னா, நீங்க தப்பு பண்ணினதா எழுதிக் கையெழுத்துப் போடணும் சார். அதுக்குப் படிவமே நாம இதுவரைக்கும் அச்சடிச்சதில்ல."

"வேற வழி?"

"ஜன்னலைத் திருப்பி வச்சிட்டா உள்பக்கம் தானா அவ வளைக்குள்ள போயிடும். உத்தரவும் நிக்கும், நாற்காலியும் நிக்கும்."

அன்று மத்தியானமே வேலை நடந்தது. காட்டெருமை சட்டத்தைத் தன் கொம்பில் தாங்கிப் பிடிக்க, ஓணான் வியர்க்க வியர்க்கப் பதித்தது. மங்களம் வெளியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உள்ளே நின்று பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டது. கச்சிதமாக விழுந்தது. மங்களம் அன்றைக்குத்தான் குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியது.

அந்த வருட விழாவில், மலைவரை பறிபோயிருந்த காட்டை ஒரே பகலில் மீட்டுக் கொடுத்ததற்காக வைரக்கண்ணு மேஸ்திரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். காட்டெருமை பேசியது. நாரை கைதட்டச் சொன்ன இடங்களில் கூட்டம் கைதட்டியது. ஓணான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

நீதி: உன் வீடு ஒழுகுகிறது என்று அதிகாரியிடம் அழாதே, அவர் நாற்காலி உன் வீட்டுக்குள் இருக்கிறது என்று நிரூபி.