ராவணன் வைத்த கைநாட்டு

மனுசன் சந்திரனில் கால் வைத்து ஒரு வருசம் ஆகியும், லுணுகலைப் பக்கம் ஊஞ்சல்மலைத் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிசனுக்கு ரோட்டு வரவில்லை. நோயாளியோ பிள்ளைத்தாச்சியோ, கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கி மூணு மைல் இறங்கினால்தான் லொறியைக் கண்ணால் காணலாம். முருகையாவுக்கு அதுதான் கவலை. மகள் ஜெயலெட்சுமிக்கு எட்டாம் மாசம், தலைப்பிள்ளை.

அந்தச் சமயம் பார்த்து, கொழும்பிலிருந்து புராண விஞ்ஞான ஆராய்ச்சிச் சபை எழுந்தருளியது. சபை என்றால் ஒரே ஆள்தான், சோமாஸ்கந்தர். கையில் குடை, பையில் அளவு நாடா. பாரதத்து அஸ்திரம் அணுகுண்டு, சஞ்சயன் பார்த்தது டெலிவிசன் என்று ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தார். டெலிவிசனை இந்த நாட்டில் ஒருத்தரும் கண்டதில்லை. ஆகவே மறுத்துப் பேசவும் ஆளில்லை. புஷ்பக விமானம் இறங்கிய இடம் ஒன்றுதான் பாக்கி.

மேல்டிவிசன் மொட்டைப்பாறை இடுக்கில் கருகிய வெள்ளைத் தகடு ஒன்று அவர் கையில் சிக்கியது.

"பூமியில் கிடையாத உலோகம்!" என்று கண்கலங்கினார்.

முருகையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள். போன திருவிழாக் கூத்தில் ராவணன் வேசம் கட்டியவரே அவர்தான். மூங்கிலில் விமானம் கட்டி, தேயிலை ஸ்டோரிலிருந்து வேட்டிக்குள் சுருட்டி வந்த தாளை ஒட்டினார். தீப்பந்தம் பட்டு விமானம் பற்றிக்கொண்டது. சீதையாக வந்த அழகையா மீசையோடு குதித்து ஓடித் தப்பினான்.

"இது விமானத்தளம் என்று ஊரார் சாட்சி சொன்னால் அரசாங்கம் சும்மா இருக்குமா? ரோட்டுப் போடாதா?" என்றார் சோமாஸ்கந்தர்.

முருகையாவின் பெண்சாதி வேலாயி அவர் விலாவில் இடித்தாள். "ராவண மகாராசாவே, உண்மையக் கிண்மைய உளறித் தொலைச்சிறாதீங்க. ரோட்டு வரட்டும்."

முருகையா தொண்டையைச் செருமினார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் பாத்திருக்காருங்க ஐயா. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாம்."

"சத்தமா? அப்படியானால் ஜெட்!"

சாட்சிக் கடுதாசியில் முருகையா கைநாட்டு வைத்தார். பின்னாலேயே ஊரும் வைத்தது.

மூணு வாரத்தில் அரசாங்கக் கடுதாசி வந்தது. தோட்டத்துக் கிளாக்கர் எழுந்து நின்று வாசித்தார். "மேற்படி பிரதேசத்தில் திரேதா யுகம் தொட்டு ஆகாயப் போக்குவரத்து வசதி உள்ளமை பிரதேசவாசிகளின் சாட்சியத்தால் ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளபடியால், தரைவழிப் பாதை அநாவசியம் என இத்தால் அறியத்தருகிறோம்."

முருகையா சோமாஸ்கந்தரிடம் தலைதெறிக்க ஓடினார். "ஐயா, அது தேயிலைப் பெட்டித் தாளுங்க! நான்தான் ராவணன்!"

சோமாஸ்கந்தர் அசையவில்லை. "ராவணன் காலத்திலேயே தேயிலையைப் பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள் என்று சொல்!" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஜெயலெட்சுமிக்கு வலி கண்டது. கம்பளித் தொட்டிலோடு நாலு பேர் ஓடினார்கள். பாதையின் இரண்டாம் முடக்கில் சோமாஸ்கந்தர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"என்ன இது?"

"விமானம்! வெலகுங்க!" என்று கத்தினாள் வேலாயி.

அவர் பயபக்தியோடு விலகி, 'எஞ்சின் நாலு' என்று எழுதும்போதே தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. தோளிலேயே பிறந்துவிட்டது. பேரன். அந்த இடத்திலேயே சோமாஸ்கந்தர் ஒரு சாட்சிக் கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, வாழ்த்தும் சொல்லிக் கொடுத்தார்.

பிறப்புப் பதிகிறவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் 'ஆகாயம்' என்று அழகாக எழுதினார்.

"இனி இந்தப் பிள்ளை பிரஜாவுரிமைக்கு மனுப் போட முடியாது. சட்டம் அப்படி. தரையில் பிறந்திருந்தால் யோசிக்கலாம்."

முருகையா தலையைச் சொறிந்தார். "நான் தோட்டத்து லயத்து வீட்டுத் தரையிலதாங்க பொறந்தேன். எங்கப்பனும் அதே தரைதான். எங்களுக்கும் பிரஜாவுரிமை இல்லீங்களே."

பதிகிறவர் பேனாவை வைத்துவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தார்.

"அப்படியானால் அது தரைதானா என்று முதலில் ஆராய வேண்டும். சோமாஸ்கந்தரிடம் கேட்போம். நீ இதில் ஒரு கைநாட்டு வை."

முருகையா மைப் பெட்டியைப் பார்த்தார், வேலாயியைப் பார்த்தார், பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.