மைனஸ் ரெண்டு காற்று

"மிதவை அஞ்சுங்குது, உன் ரேடார் ஒண்ணுங்குது. நான் எதைம்மா நம்புறது?" என்றார் இயக்குநர்.

வானிலை அலுவலக மொட்டைமாடியில் ரேடார் ஏறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காற்று கடலைச் சிலிர்க்க வைத்தால் அனுப்பிய சிக்னல் திரும்பி வரும். கடல் வழவழவென்று கிடந்தால் வராது. அதை வைத்தே கரையோரக் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்று அடித்துப் பேசி அதை வாங்க வைத்தவள் அந்த இளம் இன்ஜினியர். வெள்ளிக்கிழமைக்குள், கடலில் மிதந்தபடி காற்றை அளந்து அனுப்பும் மிதவையோடு ஒத்துப்போகாவிட்டால் கழற்றிவிடுவார்கள்.

"ஜன்னல்ல பாருங்க சார், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு."

"அது கரை. மிதவை ரெண்டு மைல் தள்ளி இருக்கு. கடல்லயே உக்காந்திருக்கறதுக்குத் தெரியாதது உன் ரேடாருக்குத் தெரிஞ்சிடுமா?"

அவள் கணக்கில் நாலைக் கூட்டினாள். காலையில் அச்சு அசலாக ஒத்துப்போனது. மதியம் நிஜக்காற்று கிளம்பியது. ரேடார் பன்னிரண்டு என்றது. துறைமுகத்தில் எல்லாப் படகையும் நிறுத்திவிட்டார்கள்.

"மிதவை இன்னும் அஞ்சுலதான் நிக்குது," என்றார் இயக்குநர். "தங்கமான மிதவை."

மதியக் கணக்கும் ஒத்துப்போக ஏழைக் குறைத்தாள். மறுநாள் காலை திரையில் மைனஸ் ரெண்டு.

"மைனஸ் ரெண்டு காத்துன்னா என்னம்மா? கடல் மூச்சை உள்ள இழுக்குதா?"

அலுவலகமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் எல்லாத் திருத்தத்தையும் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்பானரோடு வந்து நின்றாள்.

"ரேடார் முதல்ல சொன்னதுதான் சார் சரி. வாங்க, மிதவைகிட்டயே போய் அளந்து பாத்துடுவோம். நான் சொன்னது தப்புன்னா நானே கழட்டுறேன்."

"உனக்கு வாய் அதிகம்," என்றாலும் இயக்குநர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

படகுத்துறையில், மிதவையைப் பராமரிக்கும் படகுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படகை எடுங்க. மிதவையைப் பாக்கணும்," என்றாள்.

"அதுக்கு எதுக்கும்மா படகு? அது பத்து நாளா நம்ம ஷெட்டுலதான் இருக்கு. பெயிண்ட் காயட்டும்னு ராப்பகலா ஃபேனைப் போட்டு விட்டிருக்கேன்."