மாட்டுக்குப் பெரிய படம், மாமனுக்குச் சின்னப் படம்

எங்கள் பக்கத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தால் யாருக்கும் பொறுக்காது. சுவர் காலியாக இருந்தால் கல்யாணப் போஸ்டர், கம்பம் காலியாக இருந்தால் காதணி விழா பிளக்ஸ். ஆட்டோவின் முதுகில்கூட யார் வீட்டுக் குழந்தையோ கிரீடம் வைத்துக்கொண்டு சிரிக்கும். இதெல்லாம் தெரிந்திருந்தும், பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாக ஒரு வலைத்தள முகப்பைச் செய்து, அதை என் தாய்மாமனிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அப்போது நான் திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். (விட்டுவிட்டு என்பது மரியாதையான சொல். முதலாளி மேசைமேல் ஸ்டேப்ளரை வீசிவிட்டு வந்தேன்.) வீட்டில் செவலை என்று ஒரு பசு. கொசுக்கடி தாங்காமல் காலை உதைத்துக்கொண்டே இருக்கும். ஆத்திரத்தில் ஒருநாள் பழைய கொசுவலைகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, தொழுவத்தைச் சுற்றிக் கட்டினேன். செவலை அசை போட்டபடி நிம்மதியாகப் படுத்தது. எனக்குத் தொழில் கிடைத்துவிட்டது.

ஆனால் நான் சாதாரண ஆளா? வீடியோ பார்த்துத் தொழில் கற்றவள். பொருளைத் தைத்துக் குவிக்கக் கூடாதாம். முதலில் ஒரு முகப்புப் பக்கம் போட வேண்டும், ‘எனக்கு வேணும்’ என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும், எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் துணியே வாங்க வேண்டும். அப்படியே செய்தேன். மேலே ‘கொசுத் தொல்லை தாங்க முடியவில்லையா?’ என்று ஒரு வரி. கீழே வலைக்குள் செவலை. அதற்கும் கீழே பொத்தான். மற்றதெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து நானே பூரித்துப்போனேன்.

பால் சங்கச் செயலாளரும் மாதக் கூட்டத்தில் அதை டிவியில் போட்டுக் காட்டச் சம்மதித்தார். அம்மா மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

“கூட்டத்துல யாரும் வேணும்னு சொல்லலேன்னா, மறுநாளே அந்த மொதலாளிகிட்டப் போயி மன்னிப்புக் கேட்டு வேலைல சேருற.”

அந்த மனிதன் முகத்தில் மறுபடி விழிப்பதைவிடச் செவலையோடு தொழுவத்தில் குடியிருக்கலாம் என்று தோன்றியது. என் மொத்த மானமும் அந்த ஒரு பொத்தானில்தான் இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் மாமா வந்தார். முறுக்கு மீசை, கஞ்சி போட்ட சட்டை. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்குப் பிளக்ஸ் வைத்தாலும் அதில் கைகூப்பி நிற்பவர். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

“என்ன பாப்பா, வெறிச்சுனு கெடக்கு? அம்புட்டு எடம் சும்மா கெடக்கே?”

“அது அப்படித்தான் மாமா இருக்கணும். அதுதான் டிசைன்.”

“சரி. இந்த மாடு யாரு குடுத்தது?”

“நீங்கதான். அம்மாவுக்குச் சீராக் குடுத்தீங்க.”

“மாட்டுக்கு இம்புட்டுப் பெரிய படம் போட்டிருக்க. குடுத்த மாமன் எங்க?”

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மாமா தட்டில் போட்டிருந்த சோற்றில் கையைக்கூட வைக்காமல் எழுந்து, “நான் வாரேன்க்கா” என்று கிளம்பிவிட்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எந் தம்பி நம்ம வீட்டுல சோறு திங்காமப் போறானே! ஒரு படம் போட்டா ஒனக்கு என்னடி கொறஞ்சுபோகும்?”

சரி, சனியன் ஒரு படம்தானே என்று மாமா படத்தைச் சின்னதாகப் போட்டேன். அந்தப் பக்கத்தை அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெரியப்பா உடனே போன் செய்து, “மாமன் இருக்கான், பங்காளிக நாங்க செத்தா போயிட்டோம்?” என்றார். அவ்வளவுதான், படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. கூலிங்கிளாஸ் போட்ட சித்தப்பா, காதில் செல்போனை வைத்தபடி ஒன்றுவிட்ட அண்ணன், யானைமேல் உட்கார்ந்த ஒரு பொடியன். (யார் பிள்ளை என்று இன்றுவரை தெரியாது.) மாமாவோ ஆளுயரத்துக்குப் புதுப் படம் அனுப்பியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. “வச்சுக்கோங்கடா எல்லாரும்!” என்று ஒருவரையும் விடாமல் அள்ளிப் போட்டேன். லேப்டாப்பில் எல்லாரும் ஓரமாக வரிசையில் நின்றார்கள். அதுவே பெரிது என்று மூடி வைத்தேன். போனில் எப்படித் தெரியும் என்று திறந்து பார்க்க இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

செயலாளர் தன் போனைத்தான் டிவியோடு இணைத்தார். போனில் ஓரம் ஏது? எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது. ‘கொசுத் தொல்லை தாங்க முடியவில்லையா?’ என்ற வரி வந்தது. அதற்கு நேர் கீழே, திரையை அடைத்துக்கொண்டு, கைகூப்பியபடி மாமா.

கூட்டம் திரையையும் முன்வரிசையையும் மாறி மாறிப் பார்த்தது. அங்கே படத்திலிருந்த அதே சட்டையில் மாமா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆமாப்பா, தாங்க முடியலதான்!”

சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். பெரியப்பா, சித்தப்பா, செல்போன் அண்ணன், யானைப் பொடியன். “விசேஷம் என்னைக்கு?” என்று ஒருவர் கேட்டார். “மண்டபம் எது?” என்று இன்னொருவர். கடைசியாக, இத்தனை பேர் கைகூப்பி நின்றதற்கு அப்புறம், வெள்ளை வலைக்குள் கால் நீட்டிப் படுத்திருந்த செவலை வந்தது. செயலாளர் நிஜமாகவே முகம் வாடிப்போய் என்னைப் பார்த்தார்.

“அடடா, மாடு எப்பம்மா தவறுச்சு?”

நான் எழுந்து கத்தினேன். “மாடு சாகல! கொசுவலை! மாட்டுக் கொசுவலை! இவங்க யாரும் விக்கிறதுக்கு இல்ல, வலை மட்டுந்தான்!” கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. ஒருவரும் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

வீட்டுக்கு வந்து பொத்தான் கணக்கைத் திறந்தால் ‘எனக்கு வேணும்’ குவிந்து கிடந்தது. ஒரு கணம் உயிர் வந்தது. பெயர்களைப் பார்த்தேன். அத்தனையும் சொந்தக்காரர்கள். பலர் வீட்டில் மாடே கிடையாது. கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் குடியிருக்கும் அத்தை இரண்டு கேட்டிருந்தார். எதை அழுத்துகிறோம் என்றுகூடப் பார்க்காமல், நம்ம வீட்டு விசேஷம் என்று அழுத்தியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை அம்மா என் சுடிதாரைத் தேய்த்து வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது போன் அடித்தது. பக்கத்து ஊர்க்காரர்.

“ஏம்மா, அந்தக் கொசு மாமா வலை எம்புட்டு?”

“எந்த வலை?”

“அதாம்மா, மீசைக்காரர் ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு நிப்பாராமே. நேத்துக் கூட்டத்துக்குப் போனவங்க சிரிச்சு மாளல. வலை நல்லாருக்குமா?”

செருப்பைக் கழற்றினேன். அடுத்து பரவையிலிருந்து ஒருவர், அப்புறம் திருவாதவூரிலிருந்து ஒருவர். என் தொழில் பிழைத்துவிட்டது. எனக்கு வந்த கோபம் மட்டும் தீரவில்லை. வீடியோ பார்த்து, யோசித்து, வெள்ளை இடம் விட்டு நான் செய்ததை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மீசை விற்றுக் கொடுக்கிறது.

வலைக்கு நான் வைத்த அழகான பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அது கொசு மாமா வலை. ஒருமுறை துணிந்து அவர் படத்தை எடுத்தேன். அன்று மாலையே ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, “என்னம்மா, மாமாவக் காணோம்? இது டூப்ளிகேட்டா?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் போட்டேன்.

மாமாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. கல்யாண வீடுகளில் பொடிசுகள் ஓடிவந்து, “கொசுத் தொல்லை தாங்க முடியவில்லையா?” என்று கத்தினால், உடனே மீசையைத் தடவிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இப்போதெல்லாம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, முகப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.

“எல்லாம் சரிதான் பாப்பா. அந்த மாட்ட மட்டும் இன்னுங் கொஞ்சம் சின்னதாக்கு.”