மாப்பிள்ளை சொன்ன அளவும் நான் விட்ட இரண்டு விரலும்

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், பேட்டரி மட்டும் நலமாக இல்லை. போனில் சொன்னால் அத்தை காதில் விழும் என்றுதான் கடிதம். என் மகள் கண்ணிலும் காட்ட வேண்டாம், சிரிப்பாள்.

சின்ன வயதில் விட்டுப்போன பள்ளி இறுதித் தேர்வை உங்கள் அத்தை இப்போது எழுதுவது உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வரலாறு. சாயங்காலமானால் இங்கே கரண்ட் போய்விடுகிறது. அவள் ஜன்னலோரம் புத்தகத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், "மாப்பிள்ளை சோலார் சார்ஜருக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கார், மேசைல வெளக்கு எரிய வைக்கிறது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எரியாவிட்டால் புத்தகங்களோடு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாளாம். என் சமையலை நானே எப்படிச் சாப்பிடுவது?

உங்கள் தாளில் இருந்த அளவுகளை நான் மாற்றவே இல்லை. கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான். ஆயுள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். யார் என்ன அளவு சொன்னாலும் இரண்டு விரல் கூட விட்டுத்தான் வெட்டுவேன். துணி சுருங்கும், ஆள் பெருப்பான், யாரும் வந்து சண்டை போட்டதில்லை. அந்த நினைப்பில் நூறு என்று நீங்கள் எழுதிய காயிலுக்கு, அதுதான் அந்தக் கம்பிச்சுருளுக்கு, பதில் முந்நூறு கேட்டேன். கடைக்காரர், "அண்ணே, இதுல கம்பி மெல்லிசு, இவ்வளவு கரண்ட் தாங்காது" என்றார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். அது இஸ்திரிப் பெட்டிபோல் சுட்டு மேசைவிரிப்பில் வட்டமாக முத்திரை வைத்தது. சரி என்று நீங்கள் சொன்னதையே வாங்கிப் போட்டேன். அடுத்து கெப்பாசிட்டர். நீங்கள் எழுதியது கொள்ளளவு நானூற்று எழுபது, தாங்குவது முப்பத்தைந்து வோல்ட். நான் ஆயிரமாகப் பார்த்து எடுத்தேன். அதிலேயே பதினாறு வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்ததை யார் கண்டது? வெயில் ஏறி பேனல் இருபது வோல்ட்டைத் தொட்டதும் படாரென்று வெடித்தது. அத்தை அடுப்படியிலிருந்து, "என்னங்க, உசுரோட இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன், நீ படி" என்றேன். "எங்க படிக்கிறது? மனப்பாடம் பண்ண ராஜா பேரெல்லாம் பறந்து போச்சு!" என்றாள்.

அதையும் நீங்கள் சொன்னபடியே மாற்றினேன். மூன்றாவதுதான் பெரிய கூத்து. பேட்டரி பதினாலரை வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் இருக்க இரண்டு ரெசிஸ்டர் சொல்லியிருந்தீர்கள். படத்தில் மேலே உள்ளதை ஒரு படி பெரிதாகப் போட்டேன். பேட்டரிக்கும் வயிறு நிறையட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். அது பதினாறைத் தாண்டியும் நிற்காமல் உலைபோல் கொதித்து, வீடெல்லாம் நெடி. அத்தை தும்மிக்கொண்டே பெட்டியில் துணி அடுக்குகிறாள். மாப்பிள்ளை, எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அவள் கோபித்துக்கொண்டு போனால்கூடத் திரும்பி வருவாள். என்னால் பரீட்சையில் தேறாமல் போய்விட்டால்? ஆகவே உங்கள் கணக்கில்தான் எங்கோ பிழை. தாராளமாகக் கூட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் புது அளவுகளை உடனே அனுப்புங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கு அணையாமலும் அடுப்பு புகையாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: மேலே உள்ள அனைத்தும் ரத்து. நேற்று இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அத்தை எடுத்துப் படித்துவிட்டாள். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, உங்கள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக வாசித்து, இம்மி கூடாமல் என்னையே மாட்ட வைத்தாள். கொதித்து வற்றியதற்குப் பேட்டரித் தண்ணீர் ஊற்றியதும் அதுவும் பிழைத்துக்கொண்டது. இன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று, விளக்கு போகவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "எழுதிருக்கறத எழுதிருக்கற மாதிரியே படிச்சேன். பரீட்சைக்கு அதைத்தானே பழகிட்டிருக்கேன்?" என்கிறாள். உங்கள் கணக்கைக் குறைசொன்ன வரியை அடிக்கப் போனேன். "இருக்கட்டும், மாப்பிள்ளையும் சிரிக்கட்டும்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, மேசையில் அதே விளக்கடியில் படிக்க உட்கார்ந்திருக்கிறாள். இதை அவளுடைய பென்சிலால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ரிப்பேருக்கு அல்ல, சாப்பாட்டுக்கு. பரீட்சைக்குக் கொண்டுபோக அவளுக்கு ஒரு பை தைக்கிறேன். அதில் மட்டும் இரண்டு விரல் கூட விட்டிருக்கிறேன். காலேஜ் புத்தகம் பெரிதாக இருக்குமாமே.